தனியாக ஒன்பது கிலோமீட்டர்

ஐம்பத்து நான்காவது வயதில் நான் ஒரு முடிவெடுத்தேன். சொந்தமாக.

எங்கள் வீட்டில் முடிவுகள் எடுக்கப்படும்போது நானும் பெரும்பாலும் அந்த அறையில் இருப்பேன். என் பங்கு அவ்வளவுதான். ஜன்னல் திரையின் நிறம், என் மூக்குக்கண்ணாடியின் சட்டம், நான் எந்தப் பக்கம் வகிடு எடுக்க வேண்டும் என்பது வரை எல்லாம் என் மனைவியின் இலாகா. இந்த முடிவை மட்டும் நானே, ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கும்போது எடுத்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தனியாக நடக்கப் போகிறேன்.

ஊருக்கு வெளியே ஆற்றை ஒட்டி ஒரு காட்டுப் பாதை இருக்கிறது. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும். பனி உருகி, மரம் துளிர்த்ததும் திறப்பார்கள். ஒன்பது கிலோமீட்டர். முடிவில் ஓர் அருவி. இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது, அந்தப் பாதையின் வாசலைக்கூட நான் பார்த்ததில்லை.

எதற்குத் தனியாக என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பழைய கேள்வி. 'நான் யார்?' பெரியவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்ட கேள்விதான். அவர்களுக்கு வசதி இருந்தது. கேட்டுவிட்டு விடை வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள். நான் 'நான் யார்' என்று தொடங்கினால், 'குப்பையை யாரு கொட்டறது?' என்று சமையலறையிலிருந்து இன்னொரு யார் வந்து நிற்கும். குப்பையைக் கொட்டிவிட்டு வருவதற்குள் என் யார் போய்விடும்.

மனைவியைக் கூட்டிப் போனால் என்ன என்பீர்கள். அவள் தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு பொருளைக் கையில் தூக்கியே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவாள். அவள் போட்ட முடிச்சை இன்றுவரை இன்னொருவர் அவிழ்த்ததில்லை. வீட்டில் சர்க்கரை டப்பா, ஊசிப் பெட்டி, என் பனியன் அலமாரி எல்லாவற்றுக்கும் பெயர் எழுதிய சீட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். அப்படிப்பட்டவள் பக்கத்தில் நடந்தால் மலை கூடத் தன் எடையை நினைத்துக் கூச்சப்படும். தத்துவம் எங்கே வரும்?

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடும் பிரிவு. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குச் சேரும் என்று கட்டம் கட்டுவது. அச்சுக்குப் போகும் முன் கடைசிப் பிரதியை வீட்டுக்குக் கொண்டு வருவேன். சாப்பாட்டு மேசையில் அவள் வாசிப்பாள், நான் என் கையெழுத்துப் பிரதியில் டிக் அடிப்பேன். இது கல்யாணம் ஆன புதிதிலிருந்து நடக்கிறது. மற்ற தம்பதிகள் கவிதை வாசித்தார்களோ என்னவோ, நாங்கள் 'புறப்பாடு, வருகை' வாசித்தோம்.

மூன்று வாரம் முன்பு ஒரு மாலையில்கூட வாசித்தோம்.

"இருபத்தெட்டு ஏ. புதுசு. சனிக்கிழமை மட்டும். புறப்பாடு ஒம்பது நாப்பது."

"சரி."

"நிறுத்தம் நானூத்திப் பதினேழு. வருகை பத்து முப்பத்தஞ்சு."

"சரி."

"நானூத்திப் பதினேழுன்னா எந்த இடங்க?"

"எனக்கென்ன தெரியும்? பேரெல்லாம் போர்டு எழுதற பிரிவு பாத்துக்கும். நமக்கு நம்பர்தான்."

"இருபத்தாறு வருஷமா பஸ் விடறீங்க. எங்க போகுதுன்னு தெரியாதா?"

"நான் எங்க விடறேன்? டிரைவர் விடறார்."

"நல்லா இருக்கு. திரும்பறது ரெண்டு நாப்பது. அப்புறம் அஞ்சு மணிக்கு ஒண்ணு."

"அந்த அஞ்சு மணியை அடிச்சிடு. அந்த நேரத்துக்கு யாரு ஏறப் போறா? டீசல் தண்டம்."

"பாவம், யாராவது மாட்டிக்கிட்டா?"

"ரெண்டு நாப்பதுக்கு ஏறாம அங்க உக்காந்திருக்கற முட்டாள் நடந்தே வரட்டும்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிவப்புப் பேனாவால் அடித்தாள்.

"சிறிய பஸ். முன்பதிவு மட்டும். நின்று செல்ல அனுமதி இல்லை."

"அதுக்கு அடியில ஒரு கோடு போடு. தடிமனா."

போட்டாள். அத்தோடு நான் அதை மறந்தேன்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருவோம். முடிவெடுத்தாயிற்று. அறிவிக்க வேண்டும். தைரியம் சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அவள் சாப்பாட்டு மேசையில் பார்சல் கயிறுகளை நீளவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வர்ற சனிக்கிழமை நான் ஆத்துப் பாதையில நடக்கப் போறேன்."

"போலாமே. நானும் ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்."

"இல்ல. நான் மட்டும்."

கயிறு நின்றது.

"ஏன்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாரித்த விடை பதினெட்டு வாக்கியம். ஒன்றும் வரவில்லை. நாக்கு தானாக ஒரு பொய் சொன்னது.

"டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

கடந்த ஆறு மாதத்தில் நான் பார்த்த ஒரே டாக்டர், எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் பல் டாக்டர்.

"பல் டாக்டர்."

"பல் டாக்டர் எதுக்குங்க நடக்கச் சொல்றார்? பல்லு காலாலயா நடக்குது?"

"தூக்கத்துல பல்லக் கடிக்கிறேனாம். தேயுதாம். மனசுல அமைதி இல்லாததால வர்றதாம். காட்டுப் பக்கமாத் தனியா நடக்கணும், வாயத் திறக்கவே கூடாதுன்னார். மௌன நடை. பல்லுக்கு ஓய்வு."

"முழுசாவா?"

"முழுசா. யாரும் கூட வந்தா பேச வேண்டி வருமில்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். பார்சலை எடைபோடும் அதே பார்வை.

"சரிங்க. பல்லு முக்கியம். போயிட்டு வாங்க."

நான் கல்யாணத்துக்குக் கேட்டபோது மூன்று வாரம் யோசித்தவள் இவள். மூன்று வினாடியில் சம்மதித்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சந்தோஷமும் சந்தேகமும் ஒரே நாற்காலியில் உட்காராது. அன்று சந்தோஷம் முதலில் உட்கார்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் ஒரு பை நின்றது. என் இடுப்பு உயரம். வாய் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அவள் முடிச்சு.

"இது என்ன?"

"உங்க சாப்பாடு. மாத்துச் சட்டை. அது இது."

"ஒருத்தனுக்கா?"

"காட்டுல பசி எப்படி வரும்னு யாருக்குத் தெரியும்? அருவிக்குப் போய்த்தான் திறக்கணும். நடுவுல திறந்தா மறுபடி கட்ட உங்களுக்கு வராது. வழிக்குப் பக்கப் பையில ரெண்டு வாழைப்பழம், தண்ணி."

"கனமா இருக்கே."

ஒரு விரலால் வாரைத் தூக்கிப் பார்த்தாள். "ஒம்பது கிலோ முந்நூறு. கிலோமீட்டருக்கு ஒரு கிலோ. கணக்கு சரியாத்தான் இருக்கு. திரும்புங்க, மாட்டி விடறேன்."

திரும்பினேன். மாட்டினாள். முதுகுப் பக்கம் ஏதோ சரசரவென்று கட்டினாள்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல. கயிறு தொங்குது. குலுக்காமப் போங்க. ஓடாதீங்க."

"நான் எப்ப ஓடியிருக்கேன்?"

"அதுவும் சரிதான்."

ஏழு மணிக்குப் பாதையின் வாசலில் நின்றேன். என்ன சொல்ல! பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட நாளில் ஒரு பையனுக்குக் குதிப்பது போல் நெஞ்சு குதித்தது. ஆறு பனி உருகிய நீரோடு பச்சையாக, வெள்ளையாக, வாய் ஓயாமல் ஓடியது. மரத்துக்கு மரம் புதுத்துளிர். நேற்று இரவுதான் யாரோ தனித்தனியாக ஒட்டிவைத்த மாதிரி ஈரமாக மின்னியது. பாறை இடுக்கில் நீலப்பூ. மண்ணில் மழை வாசம். ஒரு வளைவு திரும்பினால் ஒரு மரப்பாலம். பாலம் தாண்டினால் ஆறு இந்தப் பக்கம் வந்துவிடும். என்னோடு கண்ணாமூச்சி ஆடியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பல் டாக்டருக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார் என்று நினைத்து இன்னொரு தரம் சிரித்தேன்.

இரண்டாவது கிலோமீட்டரில் வேலையை ஆரம்பித்தேன்.

நான் யார்?

டொங்.

பைக்குள் கனமான, உருண்டையான ஏதோ ஒன்று என் முதுகெலும்பில் இடித்தது. நின்றேன். அதுவும் நின்றது. நடந்தேன்.

நான் உடம்பா, மனசா?

டொங்.

போர்வையைச் சுருட்டி வைத்திருக்கிறாள் போலும். எனக்குக் குளிரக்கூடாதென்று. இந்த எண்ணம் வந்ததும் நடை தளர்ந்தது. ஐந்து மணிக்கே எழுந்து, நான் பொய் சொன்ன அதே மேசையில் வைத்து, எனக்காகக் கட்டியிருக்கிறாள். அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் காட்டில் நின்று பூ பார்க்கிறேன். டொங். மனசாட்சி உருண்டையாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பின்னாலிருந்து ஓர் இளம் ஜோடி என்னைக் கடந்து போனார்கள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"பத்திரமாப் போங்க சார். குலுக்காம!"

வசந்தம் வந்தால் மனிதர்களுக்கே ஒரு கனிவு வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் குட்டை டிராயர் போட்ட ஒரு கிழவர் கைத்தடியோடு என்னைத் தாண்டினார். அவர் நின்று, என் தோளைத் தட்டினார்.

"காத்துக்கிட்டிருப்பாங்க. மெதுவாப் போனாலும் போய்ச் சேந்துடுங்க."

யார் காத்துக்கொண்டிருப்பார்கள்? சத்தியமா? விடையா? அந்தக் கிழவர் ஒரு ஞானியாக இருக்க வேண்டும் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டிராயர் போட்ட ஞானிகள் இருக்கக் கூடாதா என்ன?

ஐந்தாவது கிலோமீட்டரில் அதைப் பார்த்தேன். ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டிருந்த கிளையில் ஒரு மீன்கொத்தி. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். நான் மூச்சைப் பிடித்தேன். அது அம்பு மாதிரி விழுந்தது. எழுந்தபோது வாயில் ஒரு வெள்ளிமீன் துடித்தது.

"ஏய், பாத்தியா!" என்றேன்.

இடது பக்கம் திரும்பி. அவள் எப்போதும் நடக்கும் பக்கம். அங்கே ஒரு புதர் இருந்தது.

நான் அந்தப் புதரிடம் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னால் 'நான் யார்' என்று கேட்க முடியவில்லை. ஆற்று நடுவில் ஆமை மாதிரி ஒரு பாறை. ஏய், பாத்தியா. ஒரே மரத்தில் வெள்ளைப் பூவும் சிவப்புத் துளிரும். ஏய், பாத்தியா. தலைகீழாக இறங்கும் ஓர் அணில். ஏழாவது கிலோமீட்டரில் நான் வேறொரு முடிவு எடுத்தேன். ஒரே வாரத்தில் இரண்டாவது முடிவு. வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது. பொய், பல், மௌனம் எல்லாவற்றையும். அடுத்த சனிக்கிழமை அவளோடு மறுபடி வருவது. பையை நானே சுமப்பது. கண்ணில் நீர்கூட வந்தது. டொங் என்றது. இந்தத் தடவை அதை அன்பின் தட்டலாக ஏற்றுக்கொண்டேன்.

தூரத்தில் அருவியின் ஓசை கேட்டது. கால்கள் வலியை மறந்தன. கடைசி வளைவை ஏறக்குறைய ஓடியே திரும்பினேன்.

அருவி கொட்டியது. வெயிலில் அதன் மேல் ஒரு சின்ன வானவில் நின்றது. அதன் கீழே, தட்டைப் பாறையில், விரிப்பு விரித்து, செருப்பைக் கழற்றி, தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள் என் மனைவி.

பக்கத்தில் பல் டாக்டர். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி, நாலு காலித் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு.

"பன்னெண்டு அஞ்சு," என்றாள் என் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்து. "பன்னெண்டுக்கு எதிர்பார்த்தோம். பரவாயில்ல."

"நீ... நீ எப்படி..."

"உஷ்!" பல் டாக்டர் விரலை உதட்டில் வைத்தார். "பேசக் கூடாது. பல்லு!"

அவர் முகத்தில் ஒரு துளி சிரிப்பு இல்லை. அவர் மனைவிதான் தட்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் பார்த்தேன். பாறைக்குப் பின்னால் சாலை. சாலை ஓரத்தில் ஒரு பச்சைக் கம்பம். கம்பத்தின் தலையில் ஒரு தகடு. தகட்டில் 417.

"நீங்க சொல்லலைன்னா என்ன, உங்க போர்டு எழுதற பிரிவுல கேட்டேன்," என்றாள். "வசந்த காலத்துக்குன்னு புதுசா விட்ட பஸ்ஸாம். ஐம்பத்தஞ்சு நிமிஷத்துல கொண்டு வந்து விட்டுட்டான். உங்க அட்டவணை ஒரு நிமிஷம் தப்பலைங்க. பெருமையா இருந்துச்சு."

"டாக்டர்கிட்ட..."

"மாடிப்படியில பாத்துக் கேட்டேன். பாவம், முதல்ல திருதிருன்னு முழிச்சார். அப்புறம் அவரே சொன்னார், நல்ல வைத்தியம், நாங்களும் வந்து பக்கத்துல இருந்து கவனிச்சுக்கறோம்னு. எல்லாருக்கும் சாப்பாடு செய்யணுமே, யாரு தூக்கறதுன்னுதான் யோசனையா இருந்துச்சு. திரும்புங்க."

திரும்பினேன். எந்த நிலையிலும் அந்தச் சொல்லுக்கு நான் திரும்பிவிடுவேன்.

பையை இறக்கினாள். ஒரு இழுப்பில் முடிச்சு அவிழ்ந்தது. ரொட்டி வந்தது. அவித்த முட்டை ஒரு டஜன். கேக். கண்ணாடி ஜாடியில் எலுமிச்சைச் சாறு. நாலு டம்ளர். கடைசியாக இரண்டு கையால் தூக்கி எடுத்தாள், என் மனசாட்சியை. முழுசாக ஒரு தர்பூசணி.

"அடிபடாம வந்திருக்கு," என்று தட்டிப் பார்த்து, தண்ணீரில் குளிர வைத்தாள்.

பையின் பின்பக்கம் ஒரு சீட்டு தொங்கியது. பார்சல் சீட்டு. அவள் குண்டு குண்டான கையெழுத்து.

'கண்ணாடி. குலுக்க வேண்டாம். பெறுநர்: அருவியில் பசியோடு காத்திருப்போர். சுமப்பவர்: என் வீட்டுக்காரர்.'

நான் யார் என்ற கேள்விக்கு ஒன்பது கிலோமீட்டரும் என் முதுகிலேயே விடை தொங்கியிருக்கிறது. என்னைத் தவிர எல்லோரும் படித்திருக்கிறார்கள்.

சாப்பிட்டோம். அவர்கள் மூவரும் பேசிச் சிரித்துச் சாப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் டாக்டர் "ம்ஹும்!" என்றார். மென்று தின்ன மட்டும் அனுமதி. மீன்கொத்தியைச் சொல்ல வேண்டும். கைகளால் பறவை மாதிரி செய்து காட்டினேன்.

"இன்னும் கேக் வேணுமாம்," என்றாள் என் மனைவி, டாக்டர் மனைவியிடம்.

இரண்டு முப்பதுக்குச் சின்ன பஸ் வந்து நின்றது. நான் எல்லோருக்கும் முன்னால் எழுந்தேன். தொடை இரண்டும் மரக்கட்டை.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"பஸ்ஸுக்கு."

"உங்களுக்கு டிக்கெட் எடுக்கலையே. தனியாத்தான் போகணும்னீங்க. மூணுதான் எடுத்தேன்."

டிரைவரிடம் போனேன். நான் யார் என்று அவரிடம் சொன்னேன். அதாவது, எந்தப் பிரிவு என்று. அவர் மரியாதையாகத்தான் கேட்டார். பிறகு கண்ணாடியில் ஒட்டியிருந்த வரியைக் காட்டினார். முன்பதிவு மட்டும். நின்று செல்ல அனுமதி இல்லை. அடியில் கோடு. தடிமனாக.

"மேலிடத்து உத்தரவு சார்," என்றார்.

நான் அவளிடம் திரும்பி வந்தேன். கௌரவத்தை எல்லாம் ஆற்றில் விட்டுவிட்டேன்.

"நீயும் வாயேன். ரெண்டு பேருமா நடப்போம். வழியில ஒரு மீன்கொத்தி இருக்கு. நீ பாக்கணும். பொய்தான் சொன்னேன். பல்லுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத் தனியா நடக்க வரலை."

அவள் முகம் ஒரு கணம் கனிந்தது. நான் பார்த்தேன். சத்தியமாகக் கனிந்தது. என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"அதைத் திங்கக்கிழமையே சொல்லியிருந்தா உங்களோடவே நடந்து வந்திருப்பேங்க. அடுத்த சனிக்கிழமை வர்றேன். இன்னைக்கு டாக்டர் ஃபீஸ் வாங்காம சொன்ன வைத்தியம். பாதியில விடக்கூடாது. திரும்புங்க."

திரும்பினேன். பையை மாட்டினாள். முழங்கால் மடங்கியது.

"காலிப் பைதானே? ஏன் இவ்வளவு கனம்?"

"என் பூந்தொட்டிக்கு நாலு ஆத்துக் கல்லு. பதினோரு கிலோதான்."

பஸ் கிளம்பியது. ஜன்னலிலிருந்து மூன்று கைகள் ஆடின. வளைவில் மறைந்தது.

அடுத்த பஸ் எப்போது என்று கம்பத்தின் அருகில் போனேன். கம்பத்தில் புது அட்டவணை ஒட்டியிருந்தது. நான் அடிக்கச் சொன்ன ஐந்து மணி தப்பித்தவறி அச்சாகியிருக்காதா என்ற நம்பிக்கையோடு மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் படித்தேன். ஒரு பிழைகூட இல்லை.